உமிச்சாம்பலும் சியோலைற்றும்

கிழக்கிலங்கையின் கரையோரத்திலே, மருதமுனை தொடங்கிக் கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என நிரலாக அமைந்த ஊர்களுக்கு ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலும் எல்லைகளாக விளங்குகின்றன. பட்டிப்பளை ஆற்றினை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டிய கல்லோயாத் திட்டம் 1949 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்றது. அதன் பயனாக நீர்வளம் பெருகி, பெரும்போகம், சிறுபோகம் ஆகிய இரு போகங்களிலும் நெல் விளையும் அம்பாறை மாவட்டம் இலங்கையின் நெற்களஞ்சியங்களுள் ஒன்றென எண்ணப்படுகின்றது. நெல் மிகுந்தவிடத்து உமியும் மிகும் என்பது சொல்லாமலே விளங்கும். நெல் விளையும் நாடுகளிலெல்லாம் அரிசி ஆலைகளின் புறத்தே குவியும் உமி, சிறிது நெல் அவிக்கும் அடுப்புக்கு எரிபொருளாகின்றது. சிறிது செங்கற் சூளைக்குச் செல்கின்றது. எஞ்சியது குப்பையாகக் கிடந்து புகைகின்றது.

நெல்லின் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு உமியாகும். அவ்வுமியை எரித்தால் அதன் நிறையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சாம்பலாக எஞ்சும். எனவே 1,000 கிலோகிராம் நெல்லைக் குற்றினால் 200 கிலோகிராம் உமியும், அதனை முற்ற எரித்தால் 40 கிலோகிராம் சாம்பலும் கிடைக்கும் எனக் கொள்ளலாம். ஆயின் எரிக்கும் முறைக்கேற்ப எஞ்சும் பொருள் வேறுபடும். காற்றுப் புகாவண்ணம் மூடி எரித்தால் கரிய நிறத்து உமிக்கரி கிடைக்கும். முன்னையோர் பல் துலக்குதற்குப் பயன்படுத்தியது இதுவே. காற்றோட்டத்திலே மெல்ல எரித்தால் வெண்ணிறச் சாம்பல் கிடைக்கும். உமி ஒன்றே, தீயும் ஒன்றே. காற்று, வெப்பநிலை, காலம் என்னும் மூன்றும் மாறும்போது விளைவும் மாறுகின்றது. அடுக்களை அறிந்த இவ்வுண்மையே இன்றைய இரசாயனவியலின் நுட்பமானதொரு செயல்முறைக்கும் அடிப்படையாய் அமைந்துள்ளது. செயற்கையாக ஆக்கப்பெற்ற சியோலைற்றுக்களின் உள்ளே சிறைப்பட்டுக் கிடக்கும் சேதன மூலக்கூறுகளை வெப்பத்தால் நீக்குதலே அச்செயல்முறையாகும். அதனை விளக்குவதும், உமிக்கும் அதற்கும் உள்ள தொடர்பினைக் காட்டுவதுமே இக்கட்டுரையின் நோக்கம். இதனுள் வரும் வெப்பநிலைகள் யாவும் சதம அளவைப் பாகையிற் கூறப்பெற்றுள்ளன.

சியோலைற்று என்பது யாது?

சுவீடன் நாட்டுக் கனிப்பொருளறிஞர் குரொன்ஸ்ரெட் என்பார் 1756 ஆம் ஆண்டில் ஒருவகைக் கல்லைச் சூடாக்கிய பொழுது அது நீர் கொதிப்பதுபோல நுரைத்தெழுந்து ஆவி விடுவதைக் கண்டார். அதனால் 'கொதிக்கும் கல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களைக் கூட்டி அதற்குச் சியோலைற்று எனப் பெயரிட்டார். கல்லுக்குள் நீர் எங்கிருந்து வந்தது என்னும் வினாவுக்கு விடை, அக்கல்லின் உள்ளமைப்பில் இருக்கின்றது.

ஒரு சிலிக்கன் அணுவைச் சூழ நான்கு ஒட்சிசன் அணுக்கள் நிற்க அமைவது ஒரு நான்முகி. அத்தகைய நான்முகிகள் முனையோடு முனை பொருந்தி நாற்றிசையும் தொடர்ந்து செல்லும்போது, இடையிடையே வெற்றிடங்கள் ஒழுங்கான அறைகளாகவும் வழிகளாகவும் அமைந்துவிடுகின்றன. சில இடங்களிற் சிலிக்கனுக்குப் பதிலாக அலுமினியம் நிற்கும். அவ்விடத்திலே சட்டகம் ஓர் எதிரேற்றத்தைப் பெறுகின்றது. அதனைச் சமன் செய்யச் சோடியம் முதலிய நேரயன் ஒன்று அருகில் வந்து தங்கும். வெற்றிடங்களில் நீர் நிறைந்திருக்கும். குரொன்ஸ்ரெட் கண்ட ஆவி அந்நீரேயாம்.

ஒரு வீட்டின் பயன் அதன் சுவரில் அன்று, சுவர் சூழ்ந்த வெளியிலேயே உள்ளது. சியோலைற்றின் பயனும் அவ்வாறே. அதன் வழிகள் மூலக்கூறுகளின் பருமனுக்கு ஒத்தவை. ஆதலால் அது மூலக்கூறுகளைச் சலிக்கும் அரிதட்டுப்போல் இயங்குகின்றது. வன்னீரை மென்னீராக்குதல், சலவைத் தூளில் பொசுபேற்றின் இடத்தைப் பெறுதல், 1960 களின் தொடக்கம் முதலாகக் கனத்த எண்ணெய்களை உடைத்துப் பெற்றோலாக்குதல் என அதன் பணிகள் பல. 2020 ஆம், 2021 ஆம் ஆண்டுகளிற் கொரோனா நோய் பரவிய காலத்தில் பலராலும் அறியப்பெற்ற ஒட்சிசன் செறிவாக்கும் கருவியிலும் காற்றின் நைதரசனைப் பற்றி நிறுத்தி ஒட்சிசனைப் பிரித்துத் தருவது சியோலைற்றே.

அச்சு மூலக்கூறு

சியோலைற்றை ஆய்வுகூடத்தில் ஆக்கும் கலையை 1940 களில் வளர்த்தவர்களுள் பிரித்தானிய அறிஞர் பரர் முதன்மையானவர். தொடக்கத்தில் சிலிக்கா, அலுமினா, காரம், நீர் என்னும் நான்குமே மூலப்பொருள்களாயின. ஏ, எக்ஸ், வை எனப் பெயர்பெற்ற சியோலைற்றுக்கள் இன்றும் இம்முறையிலேயே ஆக்கப்படுகின்றன. 1961 ஆம் ஆண்டளவில் சோடியம் அயனுக்குப் பதிலாகச் சேதன அமோனியம் அயன்களைச் சேர்க்கும் வழக்கம் தோன்றியது. அவை வெறும் துணைப்பொருளாக நில்லாது, பளிங்கு வளரும் வடிவத்தையே மாற்றின. முன்னர்க் காணப்படாத புதிய சட்டகங்கள், சிலிக்கா மிகுந்தவை, வெப்பத்தைத் தாங்குபவை, ஒவ்வொன்றாக வெளிவந்தன. இவ்வயன்களைச் சூழச் சிலிக்கா திரண்டு அவற்றின் உருவுக்கேற்ற அறைகளைக் கட்டிக்கொள்வதால் அவற்றை அச்சு மூலக்கூறுகள் என்று கூறலாம்.

இவ்வகையிற் புகழ்பெற்றது இசட். எஸ். எம்.-5 என்னும் சியோலைற்று. அமெரிக்காவின் மோபில் எண்ணெய்க் கம்பெனியைச் சேர்ந்த ஆர்கவர், லண்டோல்ட் என்னும் இருவர் பெயரில் 1972 இல் இதற்குக் காப்புரிமை வழங்கப்பெற்றது. இதன் அச்சு நாற்புரொப்பைலமோனியம் அயன். நடுவே ஒரு நைதரசன் அணு நிற்க, மும்மூன்று காபன் அணுக்கள் கொண்ட நான்கு கைகள் அதனின்று நீண்டிருக்கும். சிலிக்கா, அலுமினியம் உப்பு, சோடியம் ஐதரொட்சைட்டு, இவ்வயனின் உப்பு ஆகியவற்றை நீரிற் கலந்து, உருக்குக் கலத்தில் இட்டு இறுக மூடி, 150 முதல் 180 பாகை வரையான வெப்பநிலையில் ஒரு நாளோ சில நாட்களோ வைத்தால் வெண்பொடி அடியிற் படியும். அதனைக் கழுவி உலர்த்திவிட்டால் ஆக்கவேலை முடிந்துவிட்டது போலத் தோன்றும். உண்மையில் அஃது அரைவேலையே. ஏனெனில் அப்பொடியின் வழிகள் யாவும் அடைபட்டுக் கிடக்கின்றன.

இசட். எஸ். எம்.-5 இன் உள்ளே நேர்வழிகளும் வளைந்து வளைந்து செல்லும் வழிகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. வழியின் விட்டம் ஏறத்தாழ 0.55 நனோமீற்றர், அஃதாவது தலைமயிரின் தடிப்பில் ஏறத்தாழ இலட்சத்தில் ஒரு பங்கு. பளிங்கின் ஓர் அலகுக் கலத்திற் சிலிக்கனும் அலுமினியமும் கூடி 96 அணுக்கள் உள. வழிகள் சந்திக்கும் சந்திகள் நான்கு. ஒவ்வொரு சந்தியிலும் ஓர் அச்சயன் அமர்ந்து தன் நான்கு கைகளையும் நான்கு வழிகளுள் நீட்டிக்கொண்டிருக்கின்றது. நிறையாற் கணக்கிட்டால் இவ்வயன்கள் பொடியின் நிறையில் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பங்கு. இவை வெளியேறினாலன்றிச் சலிக்கவும் முடியாது, ஊக்கியாக இயங்கவும் முடியாது.

மெழுகும் பூசணியும்

அச்சினைக் கொண்டு உருவாக்கிப் பின் அச்சினை அழிப்பது தமிழர்க்குப் புதிய செய்தியன்று. சுவாமிமலைச் சிற்பியர் மெழுகிற் படிமம் செய்து, அதன்மேல் மண் பூசி உலர்த்திச் சூடேற்றுவர். மெழுகு உருகி ஓடிவிட, அது விட்டுச் சென்ற வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். பொலன்னறுவையிற் கண்டெடுக்கப்பெற்றுக் கொழும்பு நூதனசாலையிற் காக்கப்படும் சைவத் திருமேனிகளும் இவ்வண்ணம் மெழுகை இழந்து பெற்ற வடிவங்களே.

எனினும் ஒரு வேறுபாட்டினை உணர்தல் வேண்டும். மெழுகு வெளியேறுதற்குச் சிற்பி வாயில் விட்டிருப்பான். சியோலைற்றின் உள்ளே அமர்ந்த அயனுக்கு அத்தகைய வாயில் இல்லை. சிறு குடத்தின் வாய் வழியே பூசணிப் பிஞ்சை உள்ளே விட்டு வளர்த்தால், முற்றிய காயை உடைக்காமல் வெளியே எடுத்தல் இயலாது. இங்கோ காய் வளரவில்லை; காயைச் சூழக் குடமே வளர்ந்துவிட்டது. ஒரு சந்தியில் அமர்ந்து நான்கு வழிகளிலும் கைநீட்டி நிற்கும் அயன் முழு உருவோடு எவ்வழியாலும் வெளியேற முடியாது. குடத்தை உடைத்தால் எடுத்த முயற்சி வீணாகும். ஆதலால் குடத்துக்குச் சேதம் வராமற் காயை உள்ளேயே துண்டாக்கித் துண்டு துண்டாக வெளியேற்றுதல் வேண்டும். அவ்வேலையை வெப்பம் செய்கின்றது.

வெப்பம் செய்யும் வேலை

பொடியைப் பீங்கான் தட்டில் மெல்லிய படையாகப் பரப்பி மின்னுலையில் வைத்து, நிமிடத்துக்கு ஒன்று அல்லது இரண்டு பாகை வீதம் வெப்பநிலையை உயர்த்தி, 500 முதல் 550 பாகை வரை கொண்டு சென்று, பல மணி நேரம் அந்நிலையில் நிறுத்துவது பொதுவழக்கு. இதற்கிடையே உள்ளே நிகழ்வனவற்றை மூன்று கட்டங்களாகப் பிரித்துக் காணலாம்.

முதற் கட்டத்தில், ஏறத்தாழ 200 பாகை வரையில், ஒட்டியிருந்த நீர் வெளியேறும். நீர் சிறிதாயின் நன்று. மிகுதியாயின் பின்வரும் கட்டங்களிற் கேடு விளைக்கும். ஆதலின் முன்னரே 100 பாகையளவில் நன்கு உலர்த்திக்கொள்வர்.

இரண்டாம் கட்டம் 350 பாகைக்கு மேல் விரைவுபெறும். அப்பொழுது அச்சயனின் கைகளுள் ஒன்று முறிந்து புரொப்பீன் என்னும் வாயுவாக விலகும். எஞ்சுவது முப்புரொப்பைலமீன். அதன் கைகளும் ஒவ்வொன்றாக முறியும். இவ்வகை முறிவு செருமானிய இரசாயனர் ஒவ்மன் 1851 இல் விளக்கிய நீக்கத்தாக்கத்தோடு ஒத்தது. முறிந்த துண்டுகள் சிறியன. ஆதலால் அவை வழிகளிலே ஊர்ந்து வெளியேற வல்லன. இங்கே கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. நேரேற்றம் கொண்ட அயன் ஏற்றமற்ற துண்டுகளாகப் பிரிந்து செல்லும்பொழுது அதன் நேரேற்றம் எங்கே போயிற்று? அஃது ஓர் ஐதரசன் அயனாகச் சட்டகத்தின் எதிரேற்றத்தருகிலேயே தங்கிவிடுகின்றது. அலுமினியத்தின் அருகில் தங்கிய அவ்வைதரசன் அயனே வலிய அமிலமாக நின்று ஊக்கித் தொழிலைச் செய்கின்றது. எனவே வெப்பம் அடைப்பை நீக்குவதோடு அமையாது, தொழில் செய்யும் இடத்தையும் ஆக்கித் தருகின்றது. சோடியம் அயன் தங்கிய இடங்களுக்கு மட்டும் பின்னர் அமோனியம் உப்புக் கரைசலால் அயன் மாற்றஞ் செய்து மீண்டும் சூடேற்றுவர். அமோனியா வாயுவாகிப் போய்விட அங்கும் ஐதரசன் அயன் எஞ்சும்.

மூன்றாம் கட்டம் தகனம். முறிந்த துண்டுகள் யாவும் எளிதில் வெளியேறிவிடுவதில்லை. சில துண்டுகள் அமில இடங்களிற் பற்றி, ஒன்றோடொன்று கூடி, ஐதரசனை இழந்து கரியாகின்றன. வெண்பொடி பழுப்பாகிப் பின் கருநிறமடைவது இதனாலேயே. அக்கரியைப் போக்க ஒட்சிசன் வேண்டும். ஒட்சிசன் வழிகளுள் நுழைந்து கரியைக் காபனீரொட்சைட்டாக மாற்றிக் கொண்டுசெல்லக் கருநிறம் கரைந்து மீண்டும் வெண்ணிறம் தோன்றும். உமிக்கரி உமிச்சாம்பலாகும் அதே மாற்றம் ஈண்டு நனோமீற்றர் அகலமுள்ள வழிகளுள் நிகழ்கின்றது.

இதற்கு எவ்வளவு காற்று வேண்டும் என்பதைக் கணக்கிடலாம். ஓர் அச்சயனில் 12 காபன் அணுக்களும் 28 ஐதரசன் அணுக்களும் உள. அது முற்றத் தகனமாவதற்கு 19 ஒட்சிசன் மூலக்கூறுகள் தேவை. எனவே ஒரு கிலோகிராம் பொடியில் உள்ள 114 கிராம் அளவான அச்சினை எரிக்க ஏறத்தாழ 260 இலீற்றர் ஒட்சிசன், அஃதாவது 1,250 இலீற்றர் காற்று வேண்டும். அப்பொழுது பிறக்கும் நீராவி ஏறத்தாழ 155 கிராம். கைப்பிடியளவு பொடிக்கு உலையில் உள்ள காற்றே போதும்போல் தோன்றினும், குவியலாக இட்ட பொடியின் நடுப்பகுதிக்குக் காற்று எட்டுவதில்லை. மேற்பரப்பு வெளுத்திருக்க, நடுவே கருமை தங்கிய பொடியைக் கண்ட மாணவர் இக்கணக்கினை நினைவுகூர்தல் வேண்டும். மெல்லிய படையாகப் பரப்புதலும், காற்றினை இடைவிடாது செலுத்துதலும் இதனாலேயே விதிக்கப்படுகின்றன.

அளவு தப்பினால்

வெப்பத்தை விரைந்து உயர்த்தினால் கேடுகள் மூன்று விளையும். முதலாவது, திடீரென ஒட்சிசன் கிடைத்தவிடத்து உள்ளிருந்த சேதனப்பொருள் யாவும் ஒருங்கே பற்றி எரியும். எரிதலால் வெப்பம் பிறக்கும்; உலையின் அளவி 550 பாகை எனக் காட்டும்பொழுது பொடியின் உட்பகுதி அதனினும் பன்மடங்கு விரைவாகச் சூடேறி மிக உயர்ந்த வெப்பநிலையை அடைந்துவிடலாம். இதனைத் தவிர்க்கச் சிலர் முதலில் நைதரசன் வாயுவிற் சூடேற்றி அச்சினை முறித்துவிட்டு, அதன்பின் காற்றினைச் சிறிது சிறிதாகக் கலப்பர்.

இரண்டாவது, எரிதலிற் பிறந்த நீராவி. உயர்ந்த வெப்பநிலையில் நீராவியானது சட்டகத்திலுள்ள அலுமினியத்தைப் பிடுங்கி வெளியே தள்ளும். அலுமினியம் போய்விட்டால் அமில இடமும் போய்விடும். வீடு நிற்கும், விளக்கு இருக்காது. பொடி வெண்மையாகவும் பளிங்குருவோடும் தோன்றினும் ஊக்கியாக வலுவிழந்திருக்கும். ஆதலால் ஆவி தேங்காவண்ணம் காற்று அதனை வாரிச் செல்லுதல் இன்றியமையாதது.

மூன்றாவது, வெடிப்பு. அச்சு வெளியேறும்பொழுது பளிங்கின் அளவு சிறிது மாறுகின்றது. நுண்ணிய தூளுக்கு இதனாற் பெருங்கேடில்லை. பெரிய பளிங்குகளோ, வாயுக்களைப் பிரிக்கும்பொருட்டு ஒரு தாங்கியின்மேற் படலமாக வளர்க்கப்பெற்ற சியோலைற்றோ ஆயின், படலமும் தாங்கியும் வெவ்வேறு அளவில் விரிந்து சுருங்க, மயிர்போன்ற வெடிப்புக்கள் தோன்றும். ஒரு வெடிப்பு உண்டாயினும் மூலக்கூறுகள் சல்லடையை விட்டு வெடிப்பு வழியே சென்றுவிடும்.

வேலை நிறைவுற்றதா என்பதை அறிதற்கு நிறம் முதற் சான்று. நிறை இரண்டாம் சான்று. நுண்டராசிற் பொடியை இட்டுச் சூடேற்றியவாறே நிறையை அளந்தால் எந்த வெப்பநிலையில் எவ்வளவு இழக்கப்பட்டது என்பது வளையியாகக் கிடைக்கும். மூன்றாவது, திரவ நைதரசனின் வெப்பநிலையில் நைதரசன் எவ்வளவு உள்ளே புகுகின்றது என அளத்தல். சூடேற்றுமுன் நுண்வழிகளுள் ஏறக்குறைய ஒன்றும் புகாத அப்பொடி, சூடேற்றியபின் கிராம் ஒன்றுக்கு 300 முதல் 400 சதுர மீற்றர் வரையான பரப்பினைக் காட்டும். ஒரு தேக்கரண்டிப் பொடியினுள் ஒரு வீட்டு வளவின் பரப்பு அடங்கியிருக்கின்றது.

இவ்வறிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. சென்னை இலயோலாக் கல்லூரியிற் பயின்று, புனே நகரின் தேசிய இரசாயன ஆய்வுகூடத்தில் ஆய்வு நடத்திப் பின் அதன் இயக்குநராகவும் விளங்கிய போல் இரத்தினசாமி, அவ்வாய்வுகூடத்துத் தோழர்களோடு இவ்வகைச் சியோலைற்று ஊக்கிகளை ஆக்கினார். என்சிலைற்று எனப் பெயர்பெற்ற அவை 1980 களில் இந்தியத் தொழிற்சாலைகளிற் பயன்பாட்டுக்கு வந்தன. பொலியெஸ்டர் நூலுக்கு மூலமாகிய பரா-சைலீனைப் பெருக்குதலும், அற்ககோலையும் பென்சீனையும் இணைத்தலும் அவற்றின் தொழில்களாயின. இறக்குமதி செய்யப்பட்ட ஊக்கியையே நம்பியிருந்த நாடு தன் ஊக்கியைத் தானே ஆக்கிக்கொண்டது.

தீயின்றி நீக்கும் வழிகள்

விலையுயர்ந்த அச்சினைச் செய்து, பின் அதனை எரித்துக் காபனீரொட்சைட்டாகவும் நைதரசன் ஒட்சைட்டுக்களாகவும் வானில் விடுதல் சிக்கனமன்று, தூய்மையுமன்று. ஆதலின் வேறு வழிகளும் ஆராயப்பெற்றன. ஓசோன் வாயுவைச் செலுத்தினால் 200 பாகையளவிலேயே சேதனப்பொருளை ஒட்சியேற்றி நீக்கலாம்; வெடிப்புக்கு அஞ்சும் படலங்களுக்கு இது ஏற்றது. ஐதரசன் பேரொட்சைட்டையும் இரும்பு அயனையும் கூட்டி நீரிலேயே ஒட்சியேற்றும் முறையும் கையாளப்பெற்றுள்ளது.

மருதமுனைத் தறிகளிலே பாவு நூல் அறாதிருக்கக் கஞ்சியிட்டு நெய்து, நெய்தபின் அதனைக் கழுவி நீக்கும் வழக்கத்தினை யாவரும் அறிவர். அவ்வாறே அச்சினையும் கழுவி நீக்கல் ஆகாதோ எனின், வழிகள் அகன்றனவாயின் ஓரளவு ஆகும். 1992 இல் வெளிவந்த எம். சி. எம்.-41 என்னும் அகன்ற வழிச் சிலிக்காவிலிருந்து சவர்க்காரம் போன்ற அதன் அச்சினை அற்ககோலும் அமிலமும் கொண்டு பெரிதும் கழுவிவிடலாம். ஒடுங்கிய வழிகளுக்கு இது பொருந்தாது. 2003 ஆம் ஆண்டில் அமெரிக்க அறிஞர் டேவிசும் அவர் குழுவினரும் அமிலம் பட்டால் உள்ளேயே இரண்டாகப் பிரியும் அச்சு ஒன்றை வகுத்தனர். பிரிந்த துண்டுகளைக் கழுவியெடுத்து மீண்டும் இணைத்துப் பயன்படுத்தலாம் என்பது அதன் சிறப்பு. பூசணியை உள்ளே துண்டாக்கி வெளியே பொருத்திக்கொள்வது போன்றது இது. எனினும் தொழிற்சாலைகளில் இன்றும் பெருவழக்காய் நிற்பது வெப்பமுறையே. அதன் எளிமை அத்தகையது.

உமி கற்பிக்கும் பாடம்

இனி, தொடக்கத்திற் கூறிய உமிக்கு மீள்வோம் எனின், அங்கும் அச்சு நீக்கமே நிகழ்வதைக் காணலாம். நெற்பயிர் மண்ணிலுள்ள சிலிக்காவை வேர்வழி நீரோடு உறிஞ்சி, நீரை ஆவியாக விட்டு, சிலிக்காவை உமியின் புறத்தோலிலே படியவைக்கின்றது. செலுலோசும் இலிக்னினும் ஆகிய சேதனப்பொருள்களின் ஊடே படிந்த அச்சிலிக்கா ஓர் ஒழுங்கற்ற நுண்வலையாகும். சேதனப்பொருள் எரிந்து நீங்கிய பின்னும் உமியின் உருவம் மாறாமல் வெண்ணிறமாக எஞ்சுவது அவ்வலையே. நன்கு எரித்த சாம்பலில் நூற்றுக்கு 90 பங்களவு சிலிக்கா உண்டு.

இங்கும் தீயின் அளவே யாவற்றையும் முடிவுசெய்கின்றது. 500 முதல் 700 பாகை வரையில், காற்றோட்டத்தில், பொறுமையோடு எரித்தால் கிடைப்பது நுண்டுளைகள் நிறைந்த பளிங்கற்ற சிலிக்கா. அது சோடியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் எளிதிற் கரையும். ஆதலாற் சியோலைற்று ஆக்குதற்குச் சிறந்த மூலப்பொருளாகும். இந்தியா, மலேசியா, தாய்லாந்து முதலிய நெல்விளை நாடுகளின் ஆய்வுகூடங்களில் இவ்வாறு உமிச்சாம்பலிலிருந்து பலவகைச் சியோலைற்றுக்கள் ஆக்கப்பெற்றுள்ளன. வெப்பநிலை 800 பாகையைக் கடந்து செல்லுமாயின் துளைகள் மூடிக்கொள்ளும். சிலிக்கா கிரிஸ்ரோபலைற்று என்னும் பளிங்காக இறுகும். காரத்திற் கரைய மறுக்கும். உமியிலுள்ள பொற்றாசியமும் தீமை செய்யும். அது சிலிக்காவின் மேற்பரப்பை இளக்கிக் கரித்துகள்களை உள்ளே வைத்து மூடிவிடுவதால், பின்னர் எவ்வளவு காற்றுச் செலுத்தினும் சாம்பல் வெளுப்பதில்லை. எரிக்குமுன் உமியை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினால் பொற்றாசியம் நீங்கும். எலுமிச்சையில் உள்ள சித்திரிக்கமிலமும் இதற்கு உதவும் என்பது ஆய்வுகளால் அறியப்பெற்றுள்ளது.

கிரிஸ்ரோபலைற்று பயனற்றது மட்டுமன்று, தீயதுமாகும். அதன் நுண்துகளை நெடுநாள் சுவாசிப்போர்க்கு நுரையீரல் இறுகும் நோய் உண்டாகும். சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் 1997 ஆம் ஆண்டிலேயே அதன் தூசினைப் புற்றுநோய் விளைக்கும் பொருள்களின் முதல் தொகுதியிற் சேர்த்துள்ளது. கட்டுப்பாடின்றிக் கடுந்தீயில் உமியை எரித்து, அதன் சாம்பலைக் காற்றோடு பறக்கவிடும் வழக்கம் ஆலைத்தொழிலாளர்க்கும் அயலில் வாழ்வோர்க்கும் செய்யக்கூடிய தீங்கினை இதனால் உணரலாம். அளவான தீ மூலப்பொருளைத் தருகின்றது. அளவிறந்த தீ நோயைத் தருகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் சில நூறு பாகையே.

இதனை மாணவர் தாமே சோதித்தறிதல் அரிதன்று. 10 கிராம் உலர்ந்த உமியை இரு பங்காக்கி, ஒரு பங்கினை மூடிய புடக்குகையிலும் மறு பங்கினைத் திறந்த தட்டிலும் இட்டு, ஆசிரியரின் மேற்பார்வையில் மின்னுலையில் 600 பாகையில் இரண்டு மணி நேரம் வைத்தல் வேண்டும். ஆறியபின் ஒன்று கருமையாகவும் மற்றது வெளுத்தும் தோன்றும். இரண்டையும் நிறுத்து எஞ்சிய காபனின் அளவை மதிப்பிடலாம். வேறொரு பங்கினை முன்னரே சித்திரிக்கமிலத்திற் கழுவி எரித்தால் வெண்மை மிகுவதைக் காணலாம். சியோலைற்றினை வெப்பத்தால் தூய்மையாக்கும் முறையின் தத்துவம் முழுவதும் இம்மூன்று தட்டுக்களில் அடங்கியுள்ளது.

காரைதீவிலே 1892 இல் தோன்றிய சுவாமி விபுலாநந்தர் துறவு பூணுமுன் விஞ்ஞான ஆசிரியராய் விளங்கியவர். பிற்காலத்தில் அறிவியற் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கும் பணியில் முன்னின்றவர். அவர் பிறந்த ஊருக்கு அண்மையிலே, வயல் சூழ்ந்த சம்மாந்துறையில், இன்று தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இயங்குகின்றது. உமி அங்கு வாயிலிலேயே கிடக்கின்றது. அலுமினியத்துக்கு வேண்டிய வெண்களி பொரலஸ்கமுவையிலும் மீட்டியாகொடையிலும் உண்டு. வேண்டப்படுவன உலையை ஆளும் பொறுமையும், காற்றையும் வெப்பத்தையும் காலத்தையும் அளந்து செலுத்தும் அறிவுமாம். அவ்வறிவினை மாணவர் பெறுவராயின், ஆலைப்புறத்தே புகையாய்ப் போகும் பொருள் நாட்டுக்குப் பயன்படும் செல்வமாக மாறும் நாள் தொலைவில் இல்லை.